ஜெர்மனி சாரின் மூடுபனிப் பயிற்சி

டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் சொல்லிவிடுங்கள், ஐயா. வேறு வாங்கி வரச் சொல்கிறேன். எங்கள் இலுப்பூர்க் கடைக்காரருக்குச் சர்க்கரையும் மரியாதையும் ஒன்று. போலீஸ்காரருக்கு என்று தெரிந்தால் இன்னொரு கரண்டி போட்டுத்தான் கொடுத்தனுப்புவார். மின்விசிறியை வேகமாக வைத்தால் கடகடவென்று சத்தம் வரும், நான் பேசுவது உங்களுக்குக் கேட்காது. குளிர்ந்த மலையிலிருந்து இறங்கி வந்தவர் நீங்கள். எங்கள் ஊர்ப் புழுக்கத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து வாங்கத்தான் வந்தேன், சின்ன வேலை என்றீர்கள். போடுகிறேன். அதற்கு முன்னால் நடந்ததை நானே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியத்தை முதலிலிருந்து கடைசி வரை கோணாமல் சொல்லத் தெரியாது. ஜெர்மனில் மட்டும் இல்லை, தமிழிலும்தான்.

என் பெயர் முத்துராமன். அந்தப் பெயரை இந்த ஊரில் ரேஷன் கடையில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். மற்ற இடங்களில் எல்லாம் நான் ஜெர்மனி சார். சலூனில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் எழுந்து இடம் கொடுப்பார். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் வணக்கம் வைப்பார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு முந்தி என்னைத் தேடுவார்கள், "ஜெர்மனி சாருக்கு எலை போட்டாச்சா?" என்று. இந்த மரியாதைக்காக நான் யாரிடமும் போய் நின்றதில்லை. தானாக வந்தது.

இந்தப் பயிற்சி மையத்தை நடத்துகிறவர் அமராவதி. குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். கீழே உரக்கடை, மேலே நாங்கள். நர்ஸிங் முடித்த பிள்ளைகள் இங்கே வந்து ஜெர்மன் படித்துப் பரீட்சை எழுதி, அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். அன்னவாசல், விராலிமலை, கறம்பக்குடிப் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். கடலை பிடுங்கிய மண் நகக்கண்ணில் இருக்கும், வாயில் ஜெர்மன் இருக்கும். அவர்களைத் தேற்றி அனுப்புவது என் வேலை. நன்றாகவே செய்தேன்.

நான் கண்டிப்பானவன். அடியாத மாடு படியாது என்பதை நான் நம்புகிறேன். கம்பெடுத்து அடிப்பது இப்போது கூடாது, அதனால் வேறு வழிகள் வைத்திருந்தேன். அதில் ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியது. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார். இன்னொருவர் ஜெர்மனில் வழி சொல்வார். லிங்க்ஸ் என்றால் இடது, ரெஷ்ட்ஸ் என்றால் வலது, ஹால்ட் என்றால் நில். விதி இரண்டுதான். தமிழில் கேட்டால் பதில் கிடையாது. அடுத்தது, வழி சொல்பவர் தேவைப்பட்டால் மட்டுமே வாயைத் திறக்க வேண்டும். அவர் பேசாமல் இருந்தால் வழி சுத்தமாக இருக்கிறது, நடந்துகொண்டே இரு என்று பொருள். அந்த நாட்டில் தலைமை நர்ஸ் உன்னைப் பக்கத்தில் நின்று பாராட்டிக்கொண்டிருக்க மாட்டாள், தவறு செய்தால் மட்டுமே பேசுவாள் என்று சொல்லிக்கொடுத்தேன். மௌனம் சம்மதம் என்று நம் ஊரில் சொல்வதில்லையா, அதேதான். பீட்டர் என்கிற பையன் பெஞ்சில் முட்டிக்கொண்டு ஒரு வாரம் நொண்டினான். அதற்குப் பிறகு இடது வலது அவனுக்கு மாறவே இல்லை.

பிரகதீஸ்வரி மட்டும் ஒரு தடவைகூட இடித்துக்கொண்டதில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னவாசலுக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா கண்ணுசாமி, விவசாயம். ஒல்லியான பெண், குரல் மெல்லிசு, எப்போதும் முன் பெஞ்சு. வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே செல்போனில் ஒரு ஜெர்மன் கிழவியைப் பிடித்துவிட்டாள். அந்தக் கிழவிக்கு யாரோடாவது பேச வேண்டும், இவளுக்கு ஜெர்மன் வேண்டும். தினமும் பேசினார்கள். ஜெர்மனில் ஓர் ஒலி இருக்கிறது, ஐயா. பூனை சீறுவதைப் போலத் தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவே வரும். தமிழில் அதற்கு எழுத்துக் கிடையாது. நான் பதினோரு வருடமாக அதை 'ஷ' என்றே சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் இவள் கையைத் தூக்கி, "சார், அந்தப் பாட்டி அத வேற மாதிரி சொல்றாங்க சார்" என்றாள். சொல்லியும் காட்டினாள். வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. அன்றைக்கு என்னை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. வாத்தியாரைத் திருத்துகிற மாணவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு, அவர்களை அடக்க எனக்குத் தெரியும். ஆனால் இவள் திமிரோடு செய்யவில்லை. என் டீயில் ஈ விழுந்திருந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். திமிரை அடக்கலாம், அக்கறையை என்ன செய்வது?

அப்புறம் அடிக்கடி நடந்தது. வகுப்பில் சொல்வதை விட்டுவிட்டு, முடிந்த பிறகு படிக்கட்டில் நின்று தனியாகச் சொல்ல ஆரம்பித்தாள். என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். பிள்ளைகள் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பதை நிறுத்தினார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஆடிக் கடைசியில் பரீட்சை முடிந்தது. அவள் தேறினாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடியோவில் பேசிப் பார்த்து அவளை எடுத்துக்கொண்டார்கள். தை பிறந்ததும் விமானம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் போனால் அவள் தானாகவே என் கண்ணிலிருந்து மறைந்திருப்பாள். எனக்கு அது தெரியாமல் இல்லை.

ஆயுத பூஜை விடுமுறைக்கு மலைக்குப் போகலாம் என்றார் அமராவதி. கொடைக்கானலுக்கு மேலே சின்ன ஊர், சோலைக்காடு, கூடாரத்தில் தங்கல், மலையேற்றம், இரண்டு நாளும் ஜெர்மன் மட்டுமே பேச வேண்டும் என்று திட்டம். விளம்பரத்துக்குப் போட்டோ கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அங்கே வெளியில் வைத்துப் பயிற்சி ஏதாவது கொடுங்கள் சார் என்று என்னிடம் கேட்டார். ஊரில் ஒரு பேச்சு உண்டே, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று, அதையே செய்து பார்த்துவிடுவோம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

வேனில் நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணப்பாறை தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். நான் தூங்கிவிட்டதாக நினைத்துப் பின்னால் பேசிக்கொண்டு வந்தார்கள். வனிதா என்று ஒரு பெண், வாய் நீளம். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சக்கரைடி. நம்ம இலுப்பூருக்கு நம்ம சார்" என்றாள். வேனே குலுங்கிச் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. சிரிப்பு அடங்கியதும் பிரகதீஸ்வரியின் குரல் கேட்டது. "அப்படிச் சொல்லாதடி. பாவம் அவரு."

வனிதா சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டேன். பாவம் என்ற சொல் வத்தலக்குண்டு வரை என்னோடு வந்தது, மலையேறும்போதும் கூடவே ஏறியது.

அந்த இடத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை, உங்கள் சரகம்தான். ஆனால் எங்களைப் போன்ற வறண்ட பூமிக்காரர்களுக்கு அது வேறு உலகம். மேகம் மரங்களுக்குள் நுழைந்து நுழைந்து போகிறது. மழை இல்லாமலே இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பிள்ளைகள் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடினார்கள். அட்டை கடித்ததைக்கூட வீட்டுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார்கள். தமிழில்தான் சொன்னார்கள். கண்டும் காணாமல் விட்டேன்.

முதல் நாள் மாலை ரோட்டோரக் கடையில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு நான் நின்ற இடத்துக்கு வந்தாள். வேறு யாருக்கும் கேட்காத தூரம்.

"சார், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"ஸ்டுட்கார்ட்ல ரைன் நதி ஓடலையாம் சார். அங்கன ஓடுறது நெக்கர்னு வேற ஆறாம். அந்தப் பாட்டி ஊரே அதுதான் சார். இனிமே கிளாஸ்ல அத மட்டும் சொல்லாதீங்க சார். நாளைக்கு யாராச்சும் இன்டர்வியூல போயிச் சொல்லிட்டா ஒங்களுக்குத்தான அசிங்கம்."

இங்கே ஒரு விஷயம் விளக்க வேண்டும். நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் என்கிற ஊரில் நான்கு வருடம் இருந்ததாக வகுப்பில் சொல்வேன். அறை ஜன்னலைத் திறந்தால் ரைன் நதி தெரியும், குளிர்காலத்தில் அதன் மேல் பனிக்கட்டி மிதக்கும் என்பேன். அந்த நான்கு வருடமும் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். ஜெர்மன்காரர்கள் சரக்குப் பார்க்க வருவார்கள், அவர்களோடு நிற்க என்னை வைத்திருந்தார்கள். விசாவுக்கு இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் இல்லை என்றுவிட்டார்கள். ஊருக்குத் திரும்பியபோது பஸ் ஸ்டாண்டில் ஒருவர், "ஜெர்மனியிலேர்ந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். நான் பேசாமல் சிரித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதை ஊர் செய்தது. ரைன் நதி பின்னால் வந்தது. கேட்கிறவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே.

அவளிடம், "அப்படியா" என்றேன்.

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன் சார். சத்தியமா." டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். பிறகு மெதுவாக, "நான் போயிச் செட்டிலானதும் ஒங்களுக்கு ஒரு விசிட் விசா போட்டுக் கூப்பிடுறேன் சார். ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள்.

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் மன்னித்திருப்பேன், ஐயா. பயமுறுத்தியிருந்தாலும் சமாளித்திருப்பேன். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. எனக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதி மட்டும் இருந்தது. நகக்கண்ணில் மண்ணோடு வந்தவள் எனக்கு ஜெர்மனியைப் பிச்சை போடுகிறாள். எனக்கு வாழ்நாளில் யார் மேலும் அவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. நன்றி என்று சொல்லிவிட்டு கிளாஸைக் கடையில் கொடுத்தேன்.

பிறகு தனியாக ஒரு நடை போனேன். மாலையில் நடப்பது உடம்புக்கு நல்லது. புல்வெளியின் இந்தப் பக்கம் ரோடு, அந்தப் பக்கம் சோலை. சோலையை ஒட்டி மேலே போனால் பாறை ஒன்று. அதைத் தாண்டிப் புல் கொஞ்ச தூரம் சரிந்து போகிறது, பெரணிச் செடிகள் அடர்ந்திருக்கின்றன. அப்போது மேகம் விலகியிருந்ததால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கூடாரத்துக்குத் திரும்பி நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் கை நீட்டினால் விரல் தெரியாத மூட்டம். பயிற்சிக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அமராவதி ஜலதோஷம் என்று கூடாரத்திலேயே படுத்துவிட்டார். நான் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். ஒற்றைப்படை என்பதால் ஒருவர் மிஞ்ச வேண்டும். அவளை மிஞ்ச வைத்தேன், நீ என்னோடு வா என்றேன். மற்றவர்களை ரோட்டோரச் சமதரையில் விட்டேன். நான் கவனக்குறைவானவன் என்று யாராவது சொல்லியிருந்தால் இதை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடக் கால் பிசகவில்லை.

மேலே போகும்போது அவள் ஜெர்மனில் பேசிக்கொண்டு வந்தாள். மரத்தைக் காட்டினாள், பாசியைக் காட்டினாள், குளிர்கிறது என்றாள். நான் தலையை ஆட்டினேன். பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தி, இங்கிருந்து ஆரம்பிப்போம் என்றேன். மூட்டத்தில் எதுவும் தெரியாததால் மற்றவர்கள் கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. இவள் துப்பட்டாவை எடுத்துக் கட்டிக்கொண்டாள். விதி விதிதானே சார் என்று ஜெர்மனில் சொல்லிச் சிரித்தாள். நான் அதைச் சொல்லவே இல்லை. அவளாகத்தான் கட்டிக்கொண்டாள்.

நடக்க ஆரம்பித்தாள். நான் பாறையடியில் நின்றேன். விதிப்படி, திரும்ப வேண்டிய இடத்தில் நான் வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள். பேசாமல் இருப்பது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் துறை. நான் அவளைத் தொடவில்லை. பாறையை விட்டு நகரவில்லை. அவள் ஒரு விதியை நம்பினாள், நான் அந்த விதியைக் கடைப்பிடித்தேன். அப்புறம் ஹால்ட் என்று கத்தினேன். சமதரையில் இருந்த பத்துப் பேருக்கும் அது கேட்டது. பீட்டர்தான் முதலில் ஓடி வந்தான். புல்லில் மண்டியிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கீழேயிருந்து ஒன்றும் வரவில்லை.

தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி இறங்கி அவளை மேலே கொண்டு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. நான் என் ஸ்வெட்டரைக் கழற்றி மேலே போர்த்தினேன். உங்கள் ஆட்கள் அதைப் பார்த்தார்கள்.

அன்னவாசலுக்கு ஆம்புலன்சோடு நானும் போனேன். வீட்டு வாசலில் கூட்டம். கண்ணுசாமி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க கத்துனது எல்லாருக்கும் கேட்டுச்சாம் சார். எம்மக காதுலதான் விழலை. ஒங்க மேல எந்தக் கொறையும் இல்ல சார். ஒங்களப் பத்தி வீட்ல பேசாத நாளில்ல." நான் அவர் தோளில் கை வைத்து, எல்லாம் விதி என்றேன். அவர் என்னைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன் என்று பக்கத்து வீட்டில் காப்பி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். மறுத்தால் வருத்தப்பட்டிருப்பார்.

தீபாவளி கழிந்ததும் வகுப்பு மறுபடி ஆரம்பித்தது. அதோ அந்தச் சுவரில் இருப்பது அவள் படம். நல்ல படமாகப் பார்த்து நான்தான் பெரிதாக்கி மாட்டச் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குப் புது மாலை போடுவதும் நான்தான். புதுப் பிள்ளைகளிடம் அவளைப் பற்றி நிறையச் சொல்கிறேன், அவளைப் போல உழைக்க வேண்டும் என்று. ஸ்டுட்கார்ட் பற்றிக் கேட்டால், ஜன்னலைத் திறந்தால் நெக்கர் நதி தெரியும் என்கிறேன். சரியான தகவலைச் சொல்ல வேண்டும் இல்லையா.

எல்லாம் அடங்கிவிட்டது. சந்தேகப்பட ஒருவரும் இல்லை. நீங்களும் சந்தேகப்பட்டு வரவில்லை, கோப்பை முடிக்கத்தான் வந்தீர்கள். விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டால் நான் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். போட்டிருப்பேன். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

ஆனால் அறிக்கையை வாசித்துக் காட்டினீர்கள். நல்ல அதிகாரி, வாசிக்காமல் கையெழுத்து வாங்க மாட்டேன் என்றீர்கள். அதில், வழிகாட்டிய ஆசிரியருக்கு அம்மொழியில் போதிய புலமை இல்லாததால் அவர் விடுத்த எச்சரிக்கை மாணவிக்குப் புரியாமல் போயிற்று என்று ஒரு வரி இருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டேன். மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள் என்றீர்கள். பீட்டர் சொன்னதையும் வாசித்தீர்கள். "சார் சொல்றது எங்களுக்கே பல நேரம் புரியாது. பிரகதிதான் எங்களுக்குத் திருப்பிச் சொல்லும். பாவம், சார் என்ன பண்ணுவாரு." அமராவதியும் ஆமோதித்திருக்கிறார், அடுத்த வருடம் வேறு ஆள் பார்க்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். எனக்கு நல்லது செய்கிறார்களாம், ஐயா. தெரியாமல் செய்த பிழை என்றால் ஜெர்மனி சாருக்குத் தண்டனை இருக்காது என்று.

அந்த வரி நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகும். பத்திரிகையில் வரும். சலூனில் உரக்கப் படிப்பார்கள். கண்ணுசாமி யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஜெர்மனி சாருக்கு ஜெர்மன் வராது என்று இந்த ஊர் சிரிக்கும். அதற்கு நான் சம்மதிக்க முடியாது. ஆகவே, சற்று முன் நான் விட்டுவிட்டதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை நடந்தபோதே அந்த விளிம்பைப் பார்த்துவிட்டேன். பெரணிச் செடிகளுக்கு அந்தப் பக்கம் தரை இல்லை. ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தேன், விழுந்த சத்தம் வரவில்லை. அதற்காகத்தான் அவளை அங்கே கூட்டிப் போனேன். காலையில் அவள் நடந்து கொஞ்ச தூரம் போனதும் காற்றடித்து மூட்டம் கலைந்தது. அவளை நன்றாகப் பார்த்தேன். கண்ணில் நீலத் துப்பட்டா, கைகள் இரண்டும் முன்னால் நீட்டியபடி. முகத்தில் காற்று பட்டிருக்க வேண்டும். பெரணிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

போகலாமா என்று ஜெர்மனில் கேட்டாள். நான் பேசவில்லை. அவள் நகரவில்லை. என் மௌனத்தை முதல் தடவையாக அவள் நம்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, சின்னக் குரலில் தமிழில் கேட்டாள்.

"சார், இருக்கீங்களா? அங்கிட்டு ஒண்ணும் இல்லைல்ல சார்?"

தமிழில் கேட்டால் பதில் கிடையாது என்பது விதி. அந்த விதியை நான் மீறினேன். பதில் சொன்னேன். ஒரே ஒரு சொல். வைட்டர். ஜெர்மனில் அதற்கு நிற்காதே, முன்னால் போ என்று அர்த்தம். அவசரப்படாமல், ஒவ்வோர் ஒலியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, நிதானமாகச் சொன்னேன். அந்தக் கிழவி கேட்டிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டாள். ஹால்ட் என்று நான் கத்தியது அவள் போன பிறகு, மற்றவர்கள் காதுக்காக.

கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், ஐயா. கொலை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நான் சொன்னது அவளுக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமலா காலை எடுத்து வைத்தாள்.